22 கிலோ கஞ்சா வழக்கில் தம்பி: தண்டனை என்ன, தப்ப வழி என்ன?

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. என் கணவர் பெயரில் உள்ள லோடு ஆட்டோவை அவன்தான் ஓட்டுகிறான். திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறி இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, "மதுரை வரைக்கும் பழைய துணி மூட்டை" என்று சொல்லி 2,500 ரூபாய் வாடகை பேசி இரண்டு பேர் ஏறியிருக்கிறார்கள். மேலூர் பக்கம் நான்குவழிச் சாலையில் போலீஸ் மடக்கியது. மூட்டைக்குள் 11 பொட்டலம், மொத்தம் 22 கிலோ கஞ்சா என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று பேரும் மதுரை மத்திய சிறையில் இருக்கிறார்கள், ரிமாண்ட் ஆகி 23 நாள் ஆகிறது. தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார்களாம். கெசட்டட் ஆபீசர் இல்லாமல் சோதனை போட்டதால் கேஸ் நிற்காது என்கிறார் ஒருவர். இரண்டு லட்சம் கொடுத்தால் பத்து நாளில் பெயில் என்கிறார் இன்னொருவர். கூடப் பிடிபட்டவர்களின் வீட்டார், மூன்று பேருக்கும் ஒரே வக்கீல் வைக்கலாம், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அம்மாவின் பேங்க் கணக்கை முடக்கிவிட்டார்கள். குண்டாஸ் போடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
- ஒரு சகோதரி, மேலூர் வட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி தண்டனை. முதலில் கேட்டிருக்க வேண்டியது வக்கீல் விஷயம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று பேருக்கும் ஒரே வக்கீல் என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். "மூட்டையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, வாடகைக்கு ஓட்டினேன்" என்பதுதான் உங்கள் தம்பியின் எதிர்வாதம். அது உண்மை என்றால் மூட்டை மற்ற இருவருடையது. இதை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிய வக்கீல், அந்த இருவரிடமே பீஸ் வாங்கிக்கொண்டு எப்படிச் சொல்வார்? வழக்கின் நடுவில் வக்கீலை மாற்றலாம், சட்டத்தில் தடை இல்லை. ஆனால் அதற்குள் மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு ஜாமீன் மனு போட்டு, அதில் "மூட்டையே எங்களிடம் எடுக்கப்படவில்லை, பொய் வழக்கு" என்று எழுதியிருப்பார்கள். பிறகு உங்கள் தம்பி "மூட்டை இருந்தது, எனக்குத் தெரியாது" என்றால், அரசு வழக்கறிஞர் பழைய மனுவை எடுத்துக் காட்டுவார். தனி வக்காலத்து, தனி மனு. என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் சட்ட வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணையே நடத்திப் பழகியவராகப் பாருங்கள், ஜாமீன் மனு மட்டும் போடுபவராக வேண்டாம். பணம் இல்லையென்றால் மதுரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அந்த இருவரின் குடும்பத்துக்கு ஜிபே, போன்பே எதிலும் பணம் அனுப்பாதீர்கள், அவர்களிடமிருந்து வாங்கவும் வாங்காதீர்கள். கூட்டுச்சதிப் பிரிவான 29-ம், கடத்தலுக்குப் பணம் கொடுத்ததாகச் சொல்லும் 27-ஏ பிரிவும் இப்படிப்பட்ட வரவு செலவு விவரங்களை வைத்துத்தான் நீட்டப்படுகின்றன. இரண்டு லட்சத்துக்குப் பத்து நாளில் பெயில் என்று சொன்னவரைப் பற்றி ஒரே வரி: வணிக அளவு (கஞ்சாவுக்கு 20 கிலோவுக்கு மேல்) வழக்கில் பத்து நாளில் ஜாமீன் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஏன் என்பது கீழே வருகிறது.

இனி தண்டனை. 1985-ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். சட்டத்தில் தண்டனையை முடிவு செய்வது பொருளும் எடையும்தான். கஞ்சாவுக்கு ஒரு கிலோவுக்குக் கீழே சிறு அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு, கூடவே ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். நடுவில் உள்ளதற்கு 10 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை, இரண்டு ஆண்டும் கொடுக்கலாம், நான்கு ஆண்டும் கொடுக்கலாம். சட்டத்தின் வார்த்தை "20 கிலோவுக்கு அதிகமான". ஆகவே சரியாக 20 கிலோ என்றால் அது வணிக அளவு ஆகாது. மற்ற பொருட்களில் இந்தக் கோடு பயங்கரமாகக் கீழே இறங்கும்: வணிக அளவு ஹெராயினுக்கு 250 கிராம், கோகெயினுக்கு 100 கிராம், மெத்தம்பெட்டமினுக்கு 50 கிராம், எம்.டி.எம்.ஏ.வுக்கு 10 கிராம், சரஸுக்கு (கஞ்சா பிசின்) ஒரு கிலோ. அதனால் "கொஞ்சம்தானே" என்ற பேச்சுக்கு இந்தச் சட்டத்தில் பொருளே இல்லை.

வணிக அளவு நிரூபணம் ஆகிவிட்டால், நீதிபதி நினைத்தாலும் 10 ஆண்டுக்குக் கீழே இறங்க முடியாது. முதல் குற்றம், ஏழைக் குடும்பம், சின்ன வயது எல்லாம் 10-க்கும் 20-க்கும் நடுவில்தான் வேலை செய்யும். நன்னடத்தைச் சட்டப்படி விடுவிப்பது 18 வயது நிரம்பியவருக்கு இதில் கிடையாது. 32-ஏ பிரிவால் சிறையில் தண்டனைக் குறைப்பும் கிடையாது. விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் மட்டும் கழியும். ஆகவே "ஒத்துக்கொண்டால் கம்மியாகப் போடுவார்கள்" என்று ஜெயிலில் யாராவது தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தால், இந்த அளவில் அது நடக்காது என்று மனுப் பார்க்கப் போகும்போது தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மரண தண்டனை பற்றியும் யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். அந்தப் பிரிவு, ஏற்கெனவே தண்டனை பெற்றவர் மறுபடியும் மிகப் பெரிய அளவில் பிடிபடும்போது மட்டும் வருவது. உங்கள் தம்பிக்குச் சம்பந்தம் இல்லை.

இப்போது எடைக்கு வருவோம், ஏனென்றால் 22 கிலோ என்பது கோட்டுக்கு மேல் வெறும் இரண்டு கிலோ. வணிக அளவா, இடைப்பட்ட அளவா என்பதில்தான் ஜாமீனும் தண்டனையும் இருக்கின்றன. சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூ அல்லது காய்த்த நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. பிடிபடும் பொட்டலத்தில் இலை, காம்பு, தண்டு, விதை எல்லாம் அமுக்கிக் கட்டியிருக்கும். அதைப் பிரிக்காமல் அப்படியே தராசில் வைத்து 22 கிலோ என்று எழுதிவிடுவார்கள். மகஜரை, அதாவது பறிமுதல் செய்ததைச் சாட்சிக் கையெழுத்தோடு எழுதும் பதிவை, வாங்கி மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, எடை போட்டது பொட்டலத்தோடா, பிரித்த பிறகா? பழுப்பு டேப்பும் பாலிதீனும் சேர்ந்து 11 பொட்டலத்தில் ஒரு கிலோவுக்குப் பக்கம் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டு, "பூ, காய், இலை, தண்டு கலந்த" என்ற மாதிரி வர்ணனை இருக்கிறதா? இருந்தால் அது உங்கள் பக்கம். மூன்று, ஒவ்வொரு பொட்டலத்தின் எடையும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா, மொத்தமாக ஒரே எண்தானா? பதினொன்றும் மிகச் சரியாக இரண்டிரண்டு கிலோ என்றிருந்தால், கடையில் கட்டிய சர்க்கரை கூட அப்படி வராது என்று குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும்.

2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அரசு வழக்கறிஞர் அதைக் காட்டுவார். ஹெராயினில் மாவு கலந்தால் அது பொருந்தும். இலையும் விதையும் கலப்படம் அல்ல, கஞ்சா என்ற வரையறையிலேயே வெளியே நிற்பவை என்பது உங்கள் வக்கீலின் பதில். 20 கிலோவைச் சற்றே தாண்டிய வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் ஜாமீன் கொடுக்கும்போது பல முறை இந்த வாதத்தை ஏற்றிருக்கின்றன. எல்லா நீதிபதியும் ஏற்பார் என்று இல்லை.

கெசட்டட் ஆபீசர் கதை. இது ஊரெல்லாம் பரவியிருக்கும் பாதி உண்மை. 50-வது பிரிவு, ஒருவரின் உடலைச் சோதனையிடும்போது, அருகிலுள்ள கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்று தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் இதைக் கறாராகப் பின்பற்ற வேண்டும் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. சரிதான். ஆனால் உங்கள் தம்பியின் சட்டைப் பையிலிருந்து எதுவும் எடுக்கவில்லையே! மூட்டை, பை, வண்டி ஆகியவற்றுக்கு 50-வது பிரிவு பொருந்தாது என்று 2005-இலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லி, 2023-இலும் உறுதி செய்துவிட்டார்கள். இதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் வழக்கு போய்விடும்.

உங்களுக்கு உண்மையிலேயே பயன்படக்கூடியது 42-வது பிரிவு. ரகசியத் தகவல் வந்து போலீஸ் காத்திருந்தது என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருந்தால், அந்தத் தகவலை எழுத்தில் பதிவு செய்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். இரவு நேரம் என்றால், வாரண்ட் வாங்க நேரமில்லை என்று நம்பியதற்கான காரணத்தையும் எழுதியிருக்க வேண்டும். பொது இடம் என்றால் 43-வது பிரிவுதான், 42 வேண்டாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். 2021-இல் பூட்டா சிங் வழக்கில், சாலையில் நின்ற தனியார் வண்டி "பொது வாகனம்" ஆகாது, 42-வது பிரிவைத்தான் பின்பற்றியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. உங்கள் வண்டி வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டி என்பதால் இதில் இரண்டு பக்கமும் வாதம் உண்டு. 72 மணி நேரம் தாமதமாகி அதற்கு ஏற்கத்தக்க காரணம் சொன்னால் மன்னிப்பார்கள். எழுதவே இல்லை என்றால் மன்னிப்பு இல்லை. இது 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் சொன்னது.

மற்ற காகிதங்களையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். மகஜர் ரோட்டில் எழுதியது, எஃப்.ஐ.ஆர். அதற்குப் பிறகு ஸ்டேஷனில் போட்டது. ரோட்டில் எழுதிய மகஜரின் தலைப்பிலேயே குற்ற எண் இருந்தால், அந்த எண் அங்கே எப்படி வந்தது? பின்னால் சேர்த்தார்களா, மகஜரையே ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதினார்களா? இந்த ஒரு கேள்வியில் சாட்சி தடுமாறிய வழக்குகள் நிறைய. தராசு யார் கொண்டுவந்தது, கைது அட்டையில் உள்ள நேரமும் மகஜர் நேரமும் ஒத்துப்போகிறதா, அந்த நேரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எங்கே இருந்தார், 57-வது பிரிவின்படி 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அறிக்கை போனதா, சீல் வைத்த பொருள் எந்த நாள் கோர்ட்டுக்குப் போனது என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 105-வது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. வீடியோ இருந்தால் நகல் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் நிறையத் தவறு நடக்கிறது. 52-ஏ பிரிவும் 2022-ஆம் ஆண்டு விதிகளும், பட்டியல் போட்டு, மாஜிஸ்திரேட் முன்னிலையில் ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்கின்றன. கஞ்சாவுக்கு 24 கிராம் வீதம் இரண்டு மாதிரி. பழைய வழக்கப்படி ரோட்டிலேயே ஒரு பொட்டலத்தைக் கிழித்து எஸ்1, எஸ்2 என்று எழுதி சீல் வைத்திருந்தால் அது விதிமீறல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்காமல் பதினொன்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து ஒரே மாதிரி எடுத்திருந்தாலும் கேள்விதான்: மற்ற பத்தில் இருந்தது கஞ்சா என்று எந்த ஆய்வு சொல்கிறது? 2023-இல் யூசுப் வழக்கில், அது சென்னை வழக்குதான், 52-ஏ பின்பற்றாததால் விடுதலையே ஆனது. ஆனால் 2025 ஜனவரியில் பாரத் ஆம்பலே வழக்கில், 52-ஏ மீறல் மட்டுமே போதாது, மொத்தச் சாட்சியத்திலும் சந்தேகம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இதை ஒரே ஆயுதமாக நம்பாமல், எடைக் குழப்பத்தோடும் நேரக் குழப்பத்தோடும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

அடுத்தது, தம்பிக்குத் தெரியுமா தெரியாதா. பொருள் கையிலிருந்தால் தெரிந்தே வைத்திருந்தார் என்று அனுமானிக்க 35, 54 பிரிவுகள் இடம் தருகின்றன. இந்தச் சட்டத்தின் கடுமையே இங்கேதான். ஆனாலும் பொருள் அவர் பொறுப்பில் இருந்தது என்ற அடிப்படையைப் போலீஸ்தான் முதலில் சந்தேகமின்றி நிரூபிக்க வேண்டும் என்று 2008-இல் நூர் ஆகா வழக்கு சொல்கிறது. அதற்குப் பிறகுதான் பாரம் தம்பி மேல் வரும். எதிர்த்தரப்பு, ஒரே காரில் வந்த எல்லோரையும் தெரிந்தே வைத்திருந்தவர்களாகக் கருதிய 2003-ஆம் ஆண்டு மதன்லால் தீர்ப்பை எடுக்கும். ஓட்டுநர் என்பது உங்களைக் காப்பாற்றவும் செய்யும், மாட்டவும் வைக்கும். எது என்பதைத் தீர்மானிப்பது வாய்ப்பேச்சு அல்ல, ஆவணம்.

அதைத் திரட்டும் வேலை உங்களுடையது, இந்த வாரமே. அன்று திருச்சியில் காய்கறி இறக்கிய கமிஷன் மண்டியின் சீட்டு, டீசல் பில், பாஸ்டேக் கணக்கில் டோல் கழிந்த நேரம், வாடகை ஏற்பாடு செய்த ஆள் யார் என்ற விவரம். அந்த இருவரின் எண்ணோடு அதற்கு முன் தம்பி பேசியிருக்கிறாரா? பேசவே இல்லை என்றால் அழைப்பு விவரப் பட்டியல் உங்கள் சிறந்த சாட்சி. முந்தைய மாதங்களில் பத்துத் தடவை பேசியிருந்தால் அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள், முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். வழக்கமான திருச்சி-மதுரை வாடகையை விட 2,500 அதிகமா என்று கேட்பார்கள். அதே தூரத்துக்கு முன்பு வாங்கிய வாடகைக்குச் சான்று தேடுங்கள். டோல்கேட், பெட்ரோல் பங்க் கேமரா பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். 23 நாள் ஆகிவிட்டது, இனி ஒரு நாளும் தள்ளக்கூடாது. அவற்றையும், அந்த நேரத்துப் போலீஸ் கைபேசி டவர் விவரங்களையும் பாதுகாக்கச் சொல்லி பி.என்.எஸ்.எஸ். 94-வது பிரிவில் மனு போடச் சொல்லுங்கள். பிடித்த இடமும் நேரமும் மகஜரில் எழுதியது போல் இல்லையென்றால் அது அதில்தான் வெளிவரும். வீட்டில் இருக்கும் எந்தப் போனிலிருந்தும் எதையும் அழிக்காதீர்கள்.

ஒப்புதல் வாக்குமூலம் பற்றிக் கவலை வேண்டாம். போலீஸிடம் சொன்னதாக எழுதும் ஒப்புதல் சாட்சியம் ஆகாது. போதைப்பொருள் தடுப்புப் பிரிவு போன்ற மற்ற அமைப்பின் அதிகாரிகளிடம் 67-வது பிரிவில் கொடுக்கும் வாக்குமூலத்துக்கும் 2020-இல் இதே நிலைமை வந்தது. டூஃபான் சிங் என்ற அந்த வழக்கே தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். மற்ற இருவர் "டிரைவருக்கும் தெரியும்" என்று போலீஸிடம் சொன்னதாக இருந்தாலும் அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. ஒப்புதலின் பேரில் புதிதாக ஏதாவது பொருளை எடுத்துக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், அந்தப் பகுதி சாட்சியமாக உள்ளே வரும்.

ஜாமீன். வணிக அளவுக்கு 37-வது பிரிவு குறுக்கே நிற்கிறது: இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், வெளியே வந்தால் குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும். ஆரம்ப வாரங்களில் சிறப்பு நீதிமன்றம் பெரும்பாலும் தள்ளுபடிதான் செய்யும். பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. மேலே சொன்ன எடை விவகாரம் வலுவாக இருந்தால் மனு போடலாம். இன்னொன்றையும் பாருங்கள்: கைதுக்கான காரணத்தைத் தம்பிக்கும், கைது செய்தியை உங்களுக்கும் எழுத்தில் கொடுத்தார்களா? காரணம் தெரிவிக்காத கைதே செல்லாது, சட்டத்தில் ஜாமீனுக்குத் தடை இருந்தாலும் நீதிமன்றம் விடலாம் என்று 2025-இல் விஹான் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தால் அதுவும் காரணமாகும். 2023-இல் முகமது முஸ்லிம் வழக்கு அதற்கு வழிவிட்டது.

காலண்டரில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும், 37-வது பிரிவு அங்கே வராது. முதல் ரிமாண்ட் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். 180 முடிந்த மறுநாள் காலை அலுவலகம் திறந்தவுடன் மனு உள்ளே போக வேண்டும், ஜாமீன்தாரர்களும் தயாராக இருக்க வேண்டும். மதியம் போடலாம் என்று விட்டால், காலையிலேயே குற்றப்பத்திரிகை தாக்கலாகி உரிமை போய்விடும். அரசு வழக்கறிஞர் அறிக்கை கொடுத்து ஓராண்டு வரை நீட்டிக்கக் கேட்கலாம். அதில் விசாரணை முன்னேற்றமும், ஏன் இன்னும் உள்ளே வைக்க வேண்டும் என்பதும் எழுதியிருக்க வேண்டும். விசாரணை அதிகாரியின் கடிதத்தை அப்படியே ஒட்டிக் கொடுப்பது போதாது. அந்த மனு வரும் நாளில் தம்பியை நேரிலோ காணொலியிலோ ஆஜர்படுத்தினார்களா என்று வக்கீல் கவனிக்க வேண்டும். ரசாயன ஆய்வு அறிக்கை இல்லாத குற்றப்பத்திரிகை அரைகுறையானது என்ற வாதத்தை மட்டும் நம்பாதீர்கள், பெரும்பாலும் எடுபடுவதில்லை. எடை இடைப்பட்ட அளவாக இருந்திருந்தால் 180 நாள் என்ற கணக்கே வராது. 60 நாள் என்று வாதிட நல்ல இடம் உண்டு.

குண்டாஸ் என்ற தடுப்புக்காவல் பற்றிய பயம் நியாயமானதுதான். 1982-ஆம் ஆண்டின் 14-வது தமிழ்நாடு சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளி என்று மாவட்ட ஆட்சியரோ, மாநகரில் காவல் ஆணையரோ ஆணை போட்டு 12 மாதம் வரை வைக்கலாம். ஒரே வழக்கு இருந்தாலும் போடுகிறார்கள். வெளியே வரப்போகிறார் என்ற உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்று ஆணையில் காட்ட வேண்டும்; நீங்கள் போட்ட ஜாமீன் மனு நிலுவையில் இருப்பதையே அதற்குக் காரணமாக எழுதுவார்கள். அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் முதல் மாதத்தில் பலவீனமான ஜாமீன் மனுவை அவசரப்பட்டுப் போடுவதில்லை. ஆணை வந்துவிட்டால் ஐந்து நாளுக்குள் காரணங்களும் ஆவணங்களும் தம்பி கையில் கிடைக்க வேண்டும், 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். புத்தகமாகக் கட்டிக் கொடுக்கும் அந்த ஆவணங்களில் படிக்க முடியாத ஜெராக்ஸ் பக்கங்களையும், தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாத பக்கங்களையும் குறித்து வையுங்கள். ஆட்சியருக்கும் அரசுக்கும் உடனே முறையீடு அனுப்பி, பதிவுத் தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் ஆனதற்காகவே மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவில் பல ஆணைகள் ரத்தாகின்றன.

அம்மாவின் கணக்கு. நெருங்கிய உறவினரின் சொத்தையும் 68-எஃப் பிரிவில் முடக்கலாம். ஆனால் அந்த ஆணையின் நகல் 48 மணி நேரத்துக்குள் தகுதிவாய்ந்த அதிகாரிக்குப் போக வேண்டும், 30 நாளுக்குள் அவர் உறுதி செய்யாவிட்டால் ஆணை செல்லாது. பேங்கில் எழுத்து மூலம் கேளுங்கள்: எந்தப் பிரிவில், யார் கொடுத்த கடிதம், என்ன தேதி. வெறும் ஸ்டேஷன் கடிதம்தான் என்று தெரிந்தாலோ, 30 நாளுக்குள் உறுதி ஆணை வராவிட்டாலோ கணக்கை விடுவிக்க மனு போடலாம். அம்மாவின் வருமானத்துக்கு நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் பென்ஷன், கறவை மாட்டுப் பால் பணம் என்று எது இருந்தாலும் பாஸ்புக்கோடு காட்டுங்கள்.

வண்டியை மீட்கும் மனுவை உங்கள் கணவர்தான் போட வேண்டும், தம்பி அல்ல. வழக்கு முடியும் வரை விடவே முடியாது என்று முன்பு சொல்வார்கள். 2025 ஜனவரியில் பிஸ்வஜித் டே வழக்கில், அப்படிப்பட்ட முழுத் தடை சட்டத்தில் இல்லை, இடைக்கால மீட்பு தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பொருள் உரிமையாளரின் ஆளான ஓட்டுநரிடமே பிடிபட்டிருந்தால் சாதாரணமாக விடமாட்டார்கள் என்றும், ஏறிய பயணியிடமிருந்து எடுத்து உரிமையாளர் மேல் குற்றச்சாட்டே இல்லையென்றால் விடலாம் என்றும் பிரித்திருக்கிறார்கள். உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 60-வது பிரிவின்படி, தனக்கும் வண்டியை வைத்திருந்தவருக்கும் தெரியாமல் நடந்தது, முன்னெச்சரிக்கையும் எடுத்திருந்தோம் என்று கணவர் காட்ட வேண்டும். ஆர்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், பைனான்ஸ் கம்பெனியின் பாக்கிக் கணக்கு, வண்டியின் தினசரி வாடகைக் குறிப்பு நோட்டு, விற்கவோ நிறம் மாற்றவோ மாட்டேன், கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்துவேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றோடு மனு போகட்டும். முதல் தடவை தள்ளுபடி ஆனால் மதுரைக் கிளையில் சீராய்வு. தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். வழக்கு நிலுவையில் இருப்பதைச் சொல்லி பைனான்ஸ் கம்பெனிக்கு இப்போதே ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.